மத்தளமும் மௌனமும்: மட்டக்களப்பு வாவிக்கரையும் ஒரு திரைக்கலைஞனின் வழியும்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, பொழுது படும் திசையிலிருப்பதனால் படுவான்கரை எனப் பெயர்பெற்ற ஊர்ப்புறங்களில், அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்த காலத்தில் ஆடப்படும் கூத்தை விடிய விடிய இருந்து பார்த்தவர்களுக்கு ஓர் அநுபவம் மறக்காமல் மனத்தில் நிற்கும். வட்டக் களரியின் ஓரத்தில் இருவர் சீலையை மறைவாகப் பிடித்திருக்க, அதன் பின்னே சதங்கை மெல்லக் கலீரென்று ஒலிக்க, உள்ளே வரப்போகிறவன் அரசனோ அசுரனோ என்று குழந்தைகள் கழுத்தை நீட்டிப் பார்க்க, மத்தளத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்த, கூத்தைப் பழக்கிய ஆசானான அண்ணாவியாரின் கை சட்டென்று நிற்கும். அந்த நிறுத்தம் ஒரு மூச்சளவுதான். ஆனால் அந்த ஒரு மூச்சுக்குள் களரியைச் சுற்றியிருக்கும் அத்தனை பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். பிறகு கை விழும், சீலை விலகும், கூத்தன் வரவாட்டத்தோடு களரிக்குள் பாய்வான்.

இசையிலும் நாடகத்திலும் ஊறி வந்த ஒருவன் திரைப்படக் கலைக்குள் நுழையும்போது எதைக் கொண்டு வருகிறான் என்று கேட்டால், இனிய பாட்டுகளையும் உருக்கமான வசனங்களையும் கொண்டு வருகிறான் என்பதே வழக்கமாகக் கிடைக்கும் விடை. அவ்விடை மேலோட்டமானது என்பது என் எண்ணம். அண்ணாவியாரின் கை நின்ற அந்தக் கணத்தை அளந்து பயன்படுத்தும் வித்தையையே அவன் கொண்டு வருகிறான். அதாவது, காலத்தை ஆளும் பயிற்சியையும், எப்போது ஓய வேண்டுமென்ற ஞானத்தையும். இக்கருத்தை இந்த வாவிக்கரையிலேயே பிறந்து தமிழ்த் திரையுலகில் பெரும்பெயர் பெற்ற பாலு மகேந்திராவின் வாழ்க்கையையும் படங்களையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாவி தந்த செல்வம்

இசையும் நாடகமும் ஒரே மரத்தின் இரு கிளைகள் என்பதை இப்பிரதேசத்து மக்களுக்கு எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. வடமோடி, தென்மோடி என்ற இரு பெரும் கூத்து வகைகளோடு, வசந்தன், மகிடி, பறைமேளக் கூத்து ஆகியவையும், வைகாசி மாதத்தில் கண்ணகி கோயில்களில் பாடப்படும் குளிர்த்திப் பாடல்களும், தலைமுறை தலைமுறையாக ஊரின் உடைமையாக இருந்து வருகின்றன. கல்லடிப் பாலத்தின் கீழே நிலாக் காலத்து இரவுகளில் நீருக்குள்ளிருந்து எழும் இசையைப் பாடும் மீன்களின் பாட்டென்று ஊரவர் சொல்வதும், யேசு சபைத் துறவியான லாங் அடிகளார் அவ்வொலியைப் பதிவு செய்ததும், இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியதும், இந்நிலத்தவர் தம் காதுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தார்கள் என்பதற்குச் சான்றாகும்.

இந்த மரபைச் சாஸ்திர நோக்கோடு அணுகியவர் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர். 1926இல் ‘மதங்க சூளாமணி’ என்ற நாடக நூலை எழுதி, ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் பழந்தமிழ் நாடக இலக்கணக் குறிப்புகளையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்த அவர், பல ஆண்டுக் கால உழைப்பின் பயனாக 1947இல் ‘யாழ் நூலை’ அரங்கேற்றி, அதே ஆண்டிலே மறைந்தார். நாடகத்தில் தொடங்கி இசையில் முடிந்த அந்த ஆராய்ச்சி வாழ்க்கை, இவ்விரண்டையும் பிரித்து அறிய முடியாது என்பதற்கு இந்த மண் தந்த முதற் பெரிய சாட்சி. அவர் பெயரால் கல்லடியில் எழுந்த கலை நிறுவனம் இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, சங்கீதம், நடனம், நாடகம் ஆகிய கலைகளைக் கற்பித்து வருகிறது.

கூத்துப் பழகும் முறையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் நம் பொருளுக்கு வேண்டிய வெளிச்சம் கிடைக்கும். முதலில் சட்டங் கொடுத்தல் நிகழும். இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று தீர்மானித்து, அவரவருக்குரிய பாட்டும் வசனமும் எழுதிய ஏட்டை அண்ணாவியார் கொடுப்பார். பின்பு பல மாதங்கள் இரவு தோறும் ஆட்டமும் பாட்டும் பழகிய பிறகு சதங்கை அணிதல், அதன்பின் கூத்தை முதலிலிருந்து முடிவுவரை ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல், இறுதியில் அரங்கேற்றம். இத்தனை நாளும் அண்ணாவியார் ஆட்டக்காரனின் முகத்தையன்று, காலையே பார்த்துக்கொண்டிருப்பார். தாளம் பிசகிய கால் பொய் சொல்லும் என்பது அவருடைய கொள்கை. பாத்திரத்தின் கோபத்தை விழியை உருட்டிக் காட்டுவதைவிட, தாளக்கட்டை விரைவுபடுத்திக் காட்டுவதே கூத்தின் இலட்சணம். உணர்ச்சி என்பது முகத்தில் தோன்றுவதற்கு முன் காலத்தில் தோன்றுகிறது என்ற இந்த உண்மை, படத்தொகுப்பு மேசையில் அமர்ந்த எந்தத் திரைக்கலைஞனுக்கும் உயிர்நாடியான உண்மை.

பேராதனையில் நிகழ்ந்த சுருக்கம்

விடியும்வரை ஆடும் கூத்துக்கும், இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டிய திரைப்படத்துக்கும் இடையே ஒரு பாலம் தேவை. அந்தப் பாலத்தின் ஒரு பகுதி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கட்டப்பட்டது. 1956இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ என்ற சிங்கள நாடகத்தை மேடையேற்றியபோது, அவர் எடுத்தாண்ட நாடகம என்னும் பழைய சிங்கள வடிவம், தமிழ்க் கூத்திலிருந்து, சிறப்பாகக் கத்தோலிக்கத் தமிழ்க் கூத்து மரபிலிருந்து, கிளைத்ததென்பது அறிஞர் அறிந்த செய்தி. தமிழரிடமிருந்து சென்ற பொருள் சிங்கள மேடையில் புத்துயிர் பெற்றதைக் கண்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு அண்ணாவிமாரின் வித்தையைத் துணைக்கொண்டு, பல்கலைக்கழக மாணவரை ஆடவைத்து, ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964) முதலிய கூத்துகளை நவீன மேடைக்கேற்பத் தயாரித்தார்.

அவர் செய்த காரியங்களில் நம் கவனத்துக்குரியது, இரவு முழுவதும் விரிந்த கூத்தை ஓரிரு மணி நேரத்துக்குள் அடக்கியதே. எந்த விருத்தத்தை விடுவது, எந்த ஆட்டத்தைக் காப்பது, எந்த இடத்தில் மத்தளம் மட்டும் பேசுவது என்ற தெரிவு, பெயரளவில் நாடகத் தயாரிப்பாக இருந்தாலும், இயல்பில் திரைப்படத் தொகுப்பாளன் செய்யும் தெரிவேயாகும். ‘இராவணேசனி’ல் இராவணனாக ஆடி, பாத்திரத்தின் அகப்போராட்டத்தை ஆட்டத்தின் வழியே காட்டிப் புகழ் பெற்றவர் சி. மௌனகுரு. பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்ற அவர் பிறந்த ஊர் அமிர்தகழி. பிறந்த ஆண்டு 1943. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் பேர்போன மாமாங்கேசுவரர் கோயில் இருக்கும் அதே அமிர்தகழியில் நான்கு ஆண்டுகள் முன்னதாக, 1939இல், பிறந்தவர் பாலு மகேந்திரா. ஒரே ஊரின் பிள்ளைகளில் ஒருவர் மரபுக் கூத்தின் களரிக்கும், மற்றவர் ஒளிப்படக் கருவியின் பின்புறத்துக்கும் சென்றனர். பாதைகள் வேறாயினும், இருவரும் தேடியது ஒன்றே என்பதைப் போகப்போகக் காண்போம்.

காதால் நடித்த இளைஞன்

மட்டக்களப்பு நகரில் மெதடிஸ்த மத்திய கல்லூரியிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்ற, பின்னாளில் பாலு மகேந்திரா எனப்பட்ட மகேந்திரன் என்ற மாணவனுக்கு, பாடசாலைச் சுற்றுலா ஒன்றில், கித்துள்கலையில் டேவிட் லீன் ‘குவாய் நதிப் பாலம்’ என்ற படத்தை எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. அந்த இயக்குநர் ‘மழை’ என்று குரல் கொடுத்தவுடன் மழை பெய்ததைக் கண்டு தாம் பிரமித்து நின்றதையும், தாமும் அப்படி ஒருவராக வேண்டுமென்று அன்றே உறுதி கொண்டதையும் அவர் பிற்காலத்தில் ஆர்வத்தோடு சொல்வதுண்டு. அண்ணாவியாரின் கைக்குக் களரி கட்டுப்படுவதுபோல, ஒரு மனிதனின் குரலுக்கு வானமே கட்டுப்பட்ட காட்சி அது.

ஆனால் குரல் கொடுக்கும் ஆசனத்தை அடையுமுன் அவர் வேறொரு பயிற்சியைப் பெற வேண்டியிருந்தது. கொழும்பில் நில அளவைத் திணைக்களத்தில் பட வரைஞராகப் பணியாற்றிய காலத்தில், ‘தேனருவி’ என்ற இலக்கிய சஞ்சிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றதோடு, இலங்கை வானொலியில் நாடக நடிகராகவும் பங்குகொண்டார். சிங்கள நாடகக் குழுவினரோடு பழகும் சந்தர்ப்பமும் அப்போது வாய்த்தது. சரச்சந்திரர் திறந்துவிட்ட வாசலின் வழியே சிங்கள மேடை புதுவேகம் கொண்டிருந்த காலம் அது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

வானொலி நாடகம் விசித்திரமானதோர் ஆசான். அங்கே வேடமில்லை, ஒப்பனையில்லை, விழியில்லை. குரலும் ஓசையும் மௌனமும் மட்டுமே உண்டு. கதவு திறக்கும் சத்தத்துக்கும் அடுத்த வார்த்தைக்கும் இடையே எவ்வளவு நேரம் விட்டால் கேட்பவன் மனத்தில் அந்த அறை உருவாகும் என்பதை வானொலி நடிகன் அறிந்தாக வேண்டும். இடைவெளி கூடினால் கருவி பழுதாயிற்றென்று கேட்பவன் எண்ணுவான். குறைந்தால் அறையே இல்லாமற் போகும். பார்வையில்லாத நாடகத்தில் இந்த அளவைக் கற்றுக்கொண்ட ஒருவர், 1966இல் புனே திரைப்படக் கல்லூரிக்குச் சென்று, இயக்கத்துக்கு இடம் கிடைக்காமல் ஒளிப்பதிவு பயின்று, 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளிவந்தபோது, அவரிடம் இரு கல்விகள் சேர்ந்திருந்தன. கொழும்பு காதைப் பழக்கியது. புனே கண்ணைப் பழக்கியது. தமிழ்த் திரையில் இவ்விரு கல்வியும் ஒருவரிடமே கூடி, எழுத்தும் ஒளிப்பதிவும் தொகுப்பும் இயக்கமும் அவர் கையிலேயே அமைந்தது அபூர்வமான நிகழ்ச்சி.

கேட்கத் தெரிந்த கண்

ராமு காரியாட்டின் ‘நெல்லு’ (1974) என்ற மலையாளப் படத்தின் மூலம் ஒளிப்பதிவாளராக அறிமுகமான பாலு மகேந்திரா, தம் முதற் படமாகக் கன்னடத்தில் ‘கோகிலா’வை (1977) இயக்கியபோதும், தமிழில் ‘அழியாத கோலங்க’ளை (1979) எடுத்தபோதும், இசைக்கு சலில் சௌத்ரியைத் தேர்ந்துகொண்டார். வங்காளத்து மக்கள் நாடக இயக்கத்தில் பாடல் இயற்றிப் பாடி வளர்ந்தவர் சலில் சௌத்ரி. பின்னர் ‘மூடுபனி’ (1980) தொடங்கிப் பெரும்பாலான படங்களில் துணை நின்ற இளையராஜாவும், பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று மேடைகளில் பாடியும் ஆர்மோனியம் வாசித்தும் உருவானவர். ‘மூடுபனி’ அவருடைய நூறாவது படம். மேடையில் நின்று, எதிரே அமர்ந்திருக்கும் ஜனங்களின் மூச்சை அளந்து இசைத்தவர்களையே இந்த ஒளிப்பதிவாளர் நாடினார் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

இடையிலே கே. விசுவநாத்தின் ‘சங்கராபரணம்’ என்ற தெலுங்குப் படத்துக்கு அவர் ஒளிப்பதிவு செய்தது தனியே ஆராயத்தக்கது. அதில் சங்கீத வித்துவானாகத் தோன்றிய ஜே. வி. சோமயாஜுலு பாடகரல்லர், தெலுங்கு நாடக மேடையில் நெடுங்காலம் நடித்துத் தேர்ந்தவர். பாடாத ஒருவரை வித்துவானென்று தேசமே நம்பியதற்குக் காரணம், அவர் சபையில் அமர்ந்த தோரணையும், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே அவர் காத்த அடக்கமும். அந்த அடக்கத்தை அவசரப்படுத்தாமல் ஒளியில் பிடித்துக் கொடுக்க, இசையின் காலத்தை அறிந்த கண் தேவைப்பட்டது.

இப்பயிற்சியின் முதிர்ந்த கனி 1988இல் வெளிவந்த ‘வீடு’. சிறுவயதில் தம் தாயார் வீடு கட்டத் தொடங்கியதும், அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல மறைந்ததைக் கண்ட நினைவே இப்படத்தின் வித்து என்று பாலு மகேந்திரா கூறியிருக்கிறார். ஆகவே கதை சென்னையில் நிகழ்ந்தாலும், அதன் வேர் வாவிக்கரையில் இருக்கிறது. படத்தில் பாட்டு ஒன்றுகூட இல்லை. ஆனால் இசை வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் இருக்கிறார். அப்பாத்திரத்தில் நடித்த சொக்கலிங்க பாகவதர், பாடி நடிக்கும் பழைய நாடக மேடையில் வளர்ந்தவர். கட்டி முடியாத வீட்டைப் பார்க்க அந்த முதியவர் தனியே வருகிறார். பூசப்படாத சுவரைத் தடவுகிறார்; ஒவ்வோர் அறையாக நின்று நின்று பார்க்கிறார். பெரிய மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் எட்டுமாறு கையை வீசியும் குரலை உயர்த்தியும் பழகிய ஒரு நடிகர், இங்கே விரல் நுனியால் மட்டும் நடிக்கிறார். இளையராஜா தனி இசைத்தட்டாக முன்னரே வெளியிட்டிருந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பின் வாத்திய இசையையே இயக்குநர் இப்படத்துக்கு எடுத்துக்கொண்டார். பாட்டறிந்த மனிதனைக் காட்ட ஒரு பாட்டும் தேவைப்படாத அந்த இடத்தில், இசை ஞானம் காட்சியின் நடைக்குள்ளேயே கரைந்திருக்கிறது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும், நாயகியாக நடித்த அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருதும் இப்படத்துக்குக் கிடைத்தன.

புகையிரத நிலையத்தில் ஒரு கூத்து

நாடகத்தைத் திரைப்படம் எவ்வாறு உட்கொள்ள வேண்டுமென்பதற்கு, ‘மூன்றாம் பிறை’யின் (1982) இறுதிக் காட்சியை விடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நினைவிழந்து குழந்தையாகிவிட்ட பெண்ணைக் காத்து வளர்த்த இளைஞன், நினைவு மீண்டு ஊர் திரும்பும் அவளைப் புகையிரத நிலையத்தில் கண்டு, தன்னை அடையாளம் காட்டத் தவிக்கிறான். பெயரைச் சொல்லி அழைத்துப் பயனில்லை. எனவே, முன்பு அவளைச் சிரிக்க வைக்க ஆடிக்காட்டிய குரங்காட்டத்தை, ஈரமும் சேறுமான மேடையில், தலையில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஆடுகிறான். அவளோ, யாரோ பைத்தியக்காரன் பிச்சை கேட்கிறான் என்றெண்ணி உணவுப் பொட்டலத்தை வீசுகிறாள். வண்டி நகர்கிறது.

இது முழுக்க முழுக்க ஒரு கூத்து. ஆட்டக்காரன் ஒருவன், பார்வையாளர் ஒருத்தி. கூத்துக் களரியிலே வரவாட்டத்தைக் கண்டதும் ‘இவன் இன்னான்’ என்று சபை அறிந்துகொள்ளும். அந்த அறிதலே கூத்தின் ஆதாரம். இங்கோ ஆட்டம் பழைய ஆட்டமே, ஆட்டக்காரன் பழைய ஆட்டக்காரனே. அறியும் நினைவு மட்டும் சபையிடமிருந்து பறிபோயிற்று. மேடையில் இந்த அவலத்தைக் காட்ட முயன்றால் நாம் ஆட்டக்காரனை மட்டுமே காண்போம். திரைப்படமோ ஆடுபவனின் முகத்தையும் அறியாதவளின் முகத்தையும் மாறி மாறிக் காட்டி, இருவருக்கும் நடுவே நம்மை நிறுத்துகிறது. அவள் மறந்ததையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் ஒரே சபை நாமாகிறோம். நாடகத்தின் ஆதார விதியை அறிந்தவனால்தான் அது முறிந்துபோகும் துக்கத்தை இவ்வளவு துல்லியமாக அமைக்க முடியும். இப்படத்தின் ஒளிப்பதிவுக்காகவும், முன்னர் ‘கோகிலா’வின் ஒளிப்பதிவுக்காகவும், பாலு மகேந்திரா தேசிய விருது பெற்றார்.

கொள்வதும் விடுவதும்

இசை நாடகப் பின்னணி எல்லோரையும் ஒரே விதமாக வாழ்விப்பதில்லை. தமிழின் முதற் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வந்த பிறகு, நாடகக் கம்பெனிகளின் நடிகரும் பாட்டும் அப்படியே படப்பிடிப்பு அரங்குக்குக் குடியேறினர். மேடையில் வெற்றி கண்ட ‘பவளக்கொடி’ 1934இல் படமானபோது அதில் ஏறத்தாழ 50 பாட்டுகள் இருந்தன. தியாகராஜ பாகவதரின் கானம் இன்றும் செவிக்கு அமுதமே. எனினும் அக்காலத்துப் படங்கள் பலவற்றில் கருவி, சபையின் முன்வரிசையில் அமர்ந்த ரசிகனைப் போல அசையாமல் இருந்தது. மேடையின் பொருளை எடுத்துக்கொண்டார்கள். அதன் கால ஞானத்தைத் திரையின் மொழிக்கு மாற்றிக்கொள்ளவில்லை.

மாற்றிக்கொண்டவர்களின் வரலாறு வேறு. வங்காள மக்கள் நாடக இயக்கத்திலிருந்து வந்த ரித்விக் கட்டக், பாத்திரத்தின் வேதனையை ஓசையைக் கொண்டே செதுக்கினார். சத்யஜித் ராய் 1961க்குப் பின் தம் படங்களுக்குப் பெரும்பாலும் தாமே இசையமைத்தார். மலையாளத்தில் காவாலம் நாராயணப் பணிக்கரின் ‘அவனவன் கடம்ப’ நாடகத்தை இயக்கிய அரவிந்தன், நாட்டார் ஆட்டத்தின் நடையைக் ‘கும்மாட்டி’யில் (1979) கொணர்ந்தார். ஜப்பானியக் குரோசாவா ‘இரத்த சிம்மாசன’த்தில் (1957) நோ நாடகத்தின் அசைவின்மையைக் கொண்டே அச்சத்தை உண்டாக்கினார். இவர்கள் அனைவரும் மேடையின் உரத்த குரலை விடுத்து, அதன் லயத்தைக் கைக்கொண்டவர்கள்.

பாலு மகேந்திராவும் இந்த வரிசையினரே. பிற்காலத்தில் தொலைக்காட்சிக்காகச் சிறுகதைகளை எடுத்துக்கொண்டு ‘கதை நேரம்’ என்ற பெயரில் 52 குறும்படங்கள் எடுத்தபோது, பேராதனையில் கூத்தைச் சுருக்கியவர்கள் எதிர்கொண்ட அதே கேள்வியை அவர் வாரந்தோறும் எதிர்கொண்டார்: எதை விட்டால் கதை சாகும், எதை விட்டால் கதை உயிர்பெறும்? பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி போன்றோர் அவரிடம் உதவியாளராயிருந்து கற்றவர்கள். அண்ணாவியாரிடம் சட்டம் வாங்கிய பிள்ளைகள் பின்னர் தாமே அண்ணாவிமார் ஆவதுபோல, அந்தக் கல்வி ஒருவரோடு நின்றுவிடவில்லை.

அவருடைய கடைசிப் படம் ‘தலைமுறைகள்’ 2013இல் வெளிவந்தது. நகரத்திலிருந்து வந்த, தமிழறியாத பேரனுக்கும் கிராமத்துத் தாத்தாவுக்கும் இடையே வளரும் பிரியமே அதன் கதை. தாத்தாவாக நடித்தவர் பாலு மகேந்திராவே. கொழும்பு வானொலி நிலையத்தில் முகம் காட்டாமல் குரலால் நடித்த இளைஞர், ஏறத்தாழ நாற்பது ஆண்டு காலம் பிறர் முகங்களுக்கு ஒளி கொடுத்துவிட்டு, எழுபதைக் கடந்த வயதில் தம் முகத்தை ஒளியின் முன் கொணர்ந்தார். பேரனுக்கு அவர் தமிழ்ச் சொற்களைக் கற்பிக்கும் காட்சிகளில், ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, குழந்தை அதைத் திருப்பிச் சொல்லும்வரை அந்த முதிய முகம் அசையாமல் காத்திருக்கிறது. அடுத்த ஆண்டு, 2014 பெப்ரவரி 13இல், அவர் மறைந்தார்.

வாவிக்கரையில் இன்று கைத்தொலைபேசியைக் கொண்டே படமெடுக்க முனையும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். கருவி அவர்களிடம் இருக்கிறது. கருவியால் கற்றுத்தர முடியாத பாடத்துக்கு ஆசான்மாரும் அவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அடுத்த கூத்துப் பழகும் காலத்தில், ஆடாவிட்டாலும் பாடாவிட்டாலும், மத்தளத்துக்குப் பக்கத்தில் சில இரவுகள் அவர்கள் அமர்ந்திருக்க வேண்டுமென்பது என் விண்ணப்பம். அண்ணாவியாரின் கை எப்போது விழுகிறது என்பதை யாரும் பார்ப்பார்கள். அது எப்போது நிற்கிறது என்பதை அவர்கள் பார்க்கட்டும்.